எட்டு ஊர்ப் போதகரம்மா

ஆர்லிஸ் ஹேகன் செத்தால் எங்கே போய்ச் சேருவாள் என்பது முடிவாகி ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. அயோவாவில், மாமனார் மாமியாரைப் புதைத்த கல்லறைத் தோட்டத்தில், கணவர் வெண்டெலுக்குப் பக்கத்தில். கல்லில் அவள் பெயரையும் பிறந்த வருஷத்தையும் வெட்டி, ஒரு சின்னக் கோடு போட்டு, மிச்ச இடத்தை வழவழவென்று விட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் இது வழக்கம்தான், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. தீராத கேள்வி வேறு. அதுவரைக்கும் எங்கே இருப்பது?

சொந்த ஊருக்குப் போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் இடிக்கிறது. அவள் பிறந்த பண்ணை, மிசௌரி ஆற்றில் அணை கட்டியபோது தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. இப்போது அதன் மேல் ஜனங்கள் படகு விட்டு மீன் பிடிக்கிறார்கள். இருபத்தைந்து வயதில் வெண்டெலைக் கட்டிக்கொண்டாள். அவர் போதகர். அவர்களுடைய சபையில் போதகர் எந்த ஊரில் இருக்க வேண்டும் என்பதை பிஷப்தான் தீர்மானிப்பார். ஏப்ரல் மாதம் பிஷப்பிடமிருந்து வீட்டுக்கு போன் வந்தால், ஜூன் மாதம் வீட்டைக் காலி செய்து லாரி ஏற வேண்டும். எங்கே, ஏன் என்றெல்லாம் கேட்கலாம். கேட்டுவிட்டு லாரி ஏற வேண்டும். இப்படி நாற்பது வருஷம், நெப்ராஸ்காவிலும் கான்சஸிலுமாக எட்டு ஊர்.

எட்டு ஊரிலும் குடியிருந்தது குருமனையில். குருமனை என்றால் சபைக்குச் சொந்தமான வீடு. சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றால்கூட அதற்கு ஒரு கமிட்டி உண்டு. ஓர் ஊரில் குளியலறைக்கு என்ன வண்ணம் பூசுவது என்று அந்தக் கமிட்டி பதினான்கு மாதம் விவாதித்தது. கடைசியில் பூசிய வாரத்தில் பிஷப்பின் போன் வந்தது. ஆர்லிஸ் அந்தப் பச்சை நிறத்தை மொத்தம் எட்டு வாரம் அனுபவித்தாள்.

சம்பளம் போதகருக்கு, வேலை இரண்டு பேருக்கும். ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, இழவு வீட்டுச் சாப்பாடு, பியானோ வாசிப்பவள் கோபித்துக்கொண்டு போன வாரங்களில் பியானோ, எல்லாம் போதகரம்மா தலையில்தான். அது மட்டுமா, ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பாஷை. முதல் ஊரில் ஒருவர் டின்னருக்கு அழைத்தார். இவர்கள் குளித்து உடுத்தி மாலை ஆறு மணிக்குப் போய் நின்றார்கள். அந்த ஊரில் டின்னர் என்றால் மத்தியானச் சாப்பாடு. வீட்டுக்காரி கோழியைப் பன்னிரண்டு மணியிலிருந்து சூடு பண்ணிப் பண்ணிக் காத்திருந்தாள். அது செருப்புத் தோல் மாதிரி ஆகியிருந்தது. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் அதை மென்று முடித்து, இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார்கள். ஊர் அவர்களை ஏற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஆர்லிஸின் வாழ்க்கையைப் பிடித்து ஆட்டியது அதுதான். ஓர் ஊரை விட்டுப் போன போதகர் அந்த ஊர்ப் பக்கம் தலைகாட்டக் கூடாது. அங்கே கல்யாணம், ஞானஸ்நானம், சாவு எதற்கும் வரக் கூடாது. ஓய்வு பெற்ற பிறகு அங்கே குடிவரவும் கூடாது. புதிதாக வந்தவர் வேரூன்ற வேண்டும், பழைய முகத்தைப் பார்த்தால் ஜனங்கள் அந்தப் பக்கமே சாய்வார்கள் என்று நியாயம் சொல்வார்கள். நியாயம்தான். ஆனால் நாற்பது வருஷம் ஊர் ஊராகப் பழகிவிட்டு, பழகிய ஊர் ஒன்றில்கூடக் கால் வைக்கக் கூடாது என்றால் மனுஷி எங்கேதான் போவாள்?

வெண்டெலுக்குச் சிறுநீரகக் கோளாறு. அதனால் ஓய்வு பெற்றதும் லிங்கன் நகரத்தில் ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக ஓர் அடுக்குமாடியில் குடியேறினார்கள். ஒரு வருஷத்தில் அவர் போய்விட்டார். ஆர்லிஸுக்கு அப்போது அறுபத்தேழு. கை கால் நன்றாகவே இருந்தன. வாய் அதைவிட நன்றாக இருந்தது. பேசத்தான் ஆள் இல்லை.

மகள் கிரெட்சன் ஃபீனிக்ஸில் இருந்தாள். ஞாயிறு தவறாமல் போன்.

"அம்மா, நவம்பரோட அந்த வீட்டு ஒப்பந்தம் முடியுது. அதுக்குள்ள முடிவு சொல்லு. இங்க பனியே கிடையாது. ஸ்வெட்டரையெல்லாம் தூக்கிப் போட்டுடலாம்."

"சொல்றேன்டி."

"நீ சொல்றேன்னா மாட்டேன்னு அர்த்தம். அப்பாகிட்ட கத்துக்கிட்ட பாதிரிப் பேச்சு."

ஜனவரியில் இரண்டு வாரம் அங்கே போய்ப் பார்த்திருந்தாள். வெயில் ஜோராகத்தான் இருந்தது. மகள் குடியிருந்த பேட்டையில் புல்லுக்குப் பதிலாகக் கூழாங்கல்லைப் பரப்பி, ஒரு வீட்டுக்காரர் அதற்குப் பச்சைச் சாயமும் அடித்திருந்தார். நீச்சல் குளத்தைச் சுற்றி எல்லாருமே வேறெங்கிருந்தோ வந்தவர்கள். நீங்க எந்த ஊரு என்று கேட்பார்கள். ஆர்லிஸ் முதலிலிருந்து தொடங்குவாள். ஐந்தாவது ஊர் வருவதற்குள் கேட்டவர் தண்ணீரில் குதித்திருப்பார்.

இதையெல்லாம் யோசித்துத்தான் 2014 செப்டம்பர் கடைசியில், பழைய ப்யூக் காரில் பெட்டியை வைத்துக்கொண்டு கிளம்பினாள். எட்டில் மூன்று ஊருக்கு இப்போது போவதிலேயே அர்த்தமில்லை என்று தள்ளிவிட்டாள். ஒன்றில் காற்று ஓயாது. மற்ற இரண்டில் வாய் ஓயாது. முதல் ஊரில் அவளைத் தெரிந்தவர்கள் எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போயாயிற்று. மிச்சம் நாலு ஊர். எந்த ஊராவது தன்னை வா என்கிறதா, அங்கே இப்போதிருக்கும் போதகர் அனுமதிப்பாரா என்று பார்ப்பது, இல்லையென்றால் ஃபீனிக்ஸ்.

முதலில் வையன்னா. எழுத்தில் வியன்னா என்றுதான் இருக்கும், ஊர்க்காரர்கள் வையன்னா என்பார்கள். குடிவந்த முதல் நாளே மளிகைக்கடையில் வியன்னா என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். இருந்த ஆறு வருஷமும் அதை வைத்தே அவளை ஓட்டினார்கள். இப்போது மளிகைக்கடையே இல்லை. பள்ளிக்கூடத்தைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். பெட்ரோல் பங்கின் உள்ளே ஒரு மேஜை, அதைச் சுற்றி ஆறு கிழவர்கள், ஆளுக்கொரு காப்பி. அவள் கதவைத் திறந்ததும் எமில் என்பவர் தொப்பியைத் தூக்கினார். காலமெல்லாம் சோளம் போட்டவர், எண்பதைத் தாண்டிவிட்டார்.

"டேய், யாரு வந்திருக்கா பாரு! வியன்னா அம்மா!"

ஆறு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நாற்காலி கொடுக்கப் பார்த்தார்கள். ஆர்லிஸ் வந்த காரியத்தைச் சொன்னதும் எமில் ஜன்னல் வழியாகத் தெருவைக் காட்டினார்.

"இங்கயே இருந்துடுங்க. எந்த வீடு வேணும், சொல்லுங்க. அதுவா? அந்த நீலமா? எல்லாம் காலிதான்."

"டாக்டர் எங்க இருக்கார்?"

"அறுபது மைல். ஆனா எங்களுக்கெல்லாம் உடம்புக்கு வர்றதே இல்லைங்க. வந்தா ஒரேயடியாப் போயிடறோம்."

கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். காரில் ஏறிய பிறகு அதே நீர் நிற்காமல் வந்தது. அந்த ஊர் அவளை வா என்றுதான் சொன்னது. பாவம், ஊரே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. திரும்பும் வழியில் எதிரே வந்த இரண்டு லாரிக்காரர்களும் ஸ்டீயரிங்கை விடாமல் ஒரு விரலை மட்டும் தூக்கி அவளுக்கு வணக்கம் சொன்னார்கள். அங்கே தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் அந்த விரல் உண்டு.

அடுத்தது ட்ரம்மண்ட், மாட்டிறைச்சித் தொழிற்சாலை ஊர். அங்கே யாரும் மூட்டை கட்டவில்லை, வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஜெர்மன்காரர் நடத்திய பேக்கரியில் இப்போது குவாத்தமாலா குடும்பம் ஒன்று சர்க்கரை தூவிய பன் சுட்டது. தெருவில் சோமாலியப் பெண்கள் குழந்தை வண்டி தள்ளினார்கள். குருமனை இங்கிலீஷ் வகுப்பாக மாறியிருந்தது. அவளுடைய சாப்பாட்டறையில் கரும்பலகை. படுக்கையறையில் கூரை முட்டக் குழந்தைகளின் டயப்பர் மூட்டைகள். வெண்டெல் பார்த்திருந்தால் சந்தோஷத்தில் துள்ளிக் குதித்திருப்பார். பழைய சபையாள் பெவர்லி மட்டும் வாசலில் பிடித்துக்கொண்டு, "நம்ம ஊரா இது, இவங்க பேரைக் கூடச் சொல்ல வரல எனக்கு" என்று அழாத குறையாகப் புலம்பினாள்.

"அவங்களுக்கும் உன் பேரு வராது பெவர்லி. ஸ்க்ரோஜின்ஸ்கி. எனக்கே ரெண்டு வருஷம் ஆச்சு" என்றாள் ஆர்லிஸ்.

ட்ரம்மண்டில் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. அதற்குள் வகுப்பு நடத்தும் பெண்மணி, வியாழக்கிழமைக்கு ஓர் ஆசிரியை குறைகிறது, உங்களுக்கு வியாழன் தோதுப்படுமா என்று ஆசையாகக் கேட்டாள். ஆர்லிஸ் சுதாரித்துக்கொண்டாள். இங்கே வந்தால் ஒரு வாரத்தில் சாவிக்கொத்து கைக்கு வந்துவிடும், மறுபடியும் போதகரம்மா. அவளுக்கு அலுத்துவிட்டது. அலுத்துவிட்டது என்று சொல்லவே நாற்பது வருஷம் பிடித்தது.

மூன்றாவது, கான்சஸ் சிட்டிக்கு வெளியே மேப்பிள் ரிட்ஜ். நாலு வருஷம் இருந்த இடம். அங்கே பக்கத்து வீட்டுக்காரரைவிட அவருடைய கார் கொட்டகைக் கதவைத்தான் அதிகம் தெரியும். கதவு மேலே போகும், கார் உள்ளே போகும், கதவு கீழே வரும். ஆள் கண்ணிலேயே பட மாட்டார். பழைய குருமனைக்கு எதிரே காரை நிறுத்தி, கொண்டுவந்த சாண்ட்விச்சை எடுத்தாள். பாதி தின்பதற்குள் நாயோடு ஓர் இளைஞன் வந்து கண்ணாடியைத் தட்டினான்.

"ஏதாவது உதவி வேணுங்களா?"

"இல்ல தம்பி, சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்."

"சரிங்க. ஏதாவது உதவி வேணுமான்னு கேட்டேன்."

இரண்டாம் முறை கேட்டால் கிளம்பு என்று அர்த்தம். மீதி சாண்ட்விச்சை நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டே தின்று முடித்தாள்.

கடைசியாக கார்வர். கடைசிக்கு வைத்தது ஆசையினால் அல்ல, பயத்தினால். ஒன்பது வருஷம் இருந்த ஊர் அது. மற்ற எந்த ஊரிலும் அவ்வளவு நாள் விட்டுவைக்கவில்லை. போதகரம்மாவுக்குச் சிநேகிதி கூடாது என்பார்கள். ஒருத்தியோடு பழகினால் இன்னொருத்தி முகம் தூக்குவாள், சபை இரண்டாகும். கார்வரில் மட்டும் அவளுக்கு ஒரு சிநேகிதி வாய்த்தாள். டோரீன். கணவர் லைல் வயலில் இருக்க, இவள் வீட்டின் கார் கொட்டகையிலேயே பெண்களுக்கு முடி திருத்தும் கடை வைத்திருந்தாள். போதகரம்மா உள்ளே வந்தால் மற்றவர்கள் பேச்சைக் கழுவித் துடைத்துக்கொள்வார்கள். டோரீன் மட்டும் கெட்ட வார்த்தையைப் பாதியில் நிறுத்தாமல் முழுசாகச் சொல்லி முடிப்பாள். வெள்ளிக்கிழமை பத்து மணி, ஒன்பது வருஷமும் ஆர்லிஸின் நேரம்.

அங்கிருந்து மாற்றலாகிப் போய் ஐந்தாறு வருஷம் கழித்து, ஒரு மார்ச் மாதம் டோரீனின் போன். "லைல் போயிட்டார், ஆர்லிஸ். டிராக்டர்லயே. சனிக்கிழமை அடக்கம். வெண்டெல் வந்து பண்ணணும்." வெண்டெல் போனை வாங்கி, மெல்லிய குரலில் சொன்னார். "டோரீன், உங்க ஊர்ப் போதகர் என்னைக் கூப்பிட்டாத்தான் நான் வரலாம்." அப்போது அங்கே இருந்த போதகர் கூப்பிடவில்லை. ஆர்லிஸ் கறுப்பு கவுனை இஸ்திரி போட்டுக் கதவில் மாட்டிவைத்தாள். இரண்டு மணி நேரப் பயணம்தான். சனிக்கிழமை வந்தது, கவுன் கதவிலேயே தொங்கியது. திங்களன்று ஒரு கார்டு எழுதிப் போட்டாள். பதில் இல்லை. பத்து வருஷமாக இல்லை.

அவள் கார்வருக்குள் நுழைந்தது வெள்ளிக்கிழமை காலை. சாயங்காலம் பள்ளிக்கூடத்துக் கால்பந்தாட்டம், அதனால் ஊரே அந்த அணியின் ஆரஞ்சு நிறத்தில் உடுத்தியிருந்தது. முதலில் டோரீன் வீட்டுக்குப் போகவில்லை. முறை என்று ஒன்று இருக்கிறதே. தேவாலய அலுவலகத்துக்குப் போய், இப்போதைய போதகரைப் பார்த்தாள். பாஸ்டர் டெஸ், முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் பெண். அவளும் ஆரஞ்சு பனியன்தான் போட்டிருந்தாள்.

"நான் ஆர்லிஸ் ஹேகன். என் வீட்டுக்காரர் இங்க..."

"அய்யோ, உங்களைத் தெரியாமலா! சமையலறையில உங்க கையெழுத்துல சீட்டு இன்னும் ஒட்டியிருக்கு. 'கரண்டியைக் கழுவி வைக்கவும். ஊற வைப்பது கழுவுவது ஆகாது.'"

"அதைக் கிழிச்சுப் போட்டிருக்கலாமே?"

"யாருக்கும் தைரியம் வரலைங்க."

ஆர்லிஸ் கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டாள். "நான் அனுமதி கேக்க வந்தேன், பாஸ்டர். இந்த ஊர்ல வந்து இருக்கலாமான்னு."

"யார்கிட்ட அனுமதி?"

"உங்ககிட்டதான். போன போதகர் திரும்பி வரக் கூடாதுன்னு சட்டம் இருக்கில்ல? நான் எதுலயும் தலையிட மாட்டேன். வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க, வருத்தப்பட மாட்டேன்."

டெஸ் ஒரு நிமிஷம் விழித்தாள். பிறகு அலமாரியிலிருந்து சபைச் சட்டப் புத்தகத்தை எடுத்து, விரலை ஓட்டிப் பக்கத்தைப் பிடித்து, வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தாள். மறுபக்கம் புரட்டினாள். திரும்ப வந்தாள்.

"இது போதகருக்குத்தாங்க. மனைவியைப் பத்தி இதுல ஒண்ணுமே இல்லையே."

"நல்லாப் பாருங்கம்மா."

"பாத்துட்டேன்."

"பழைய புத்தகத்துல இருந்திருக்கும்."

பழைய புத்தகங்களும் அங்கேயே இருந்தன, நாலு வருஷத்துக்கு ஒன்று என்று வரிசையாக. டெஸ் நல்ல பெண். பொறுமையாக ஒவ்வொன்றாக இறக்கினாள். வெண்டெல் முதல் ஊருக்குப் போன வருஷத்துப் புத்தகம்வரை போய்ப் பார்த்தாள். பிறகு முகத்தில் நிஜமான சந்தோஷத்தோடு சொன்னாள்.

"எதுலயும் உங்க பேச்சே இல்ல, மிஸஸ் ஹேகன். நீங்க எப்ப வேணும்னாலும் வந்திருக்கலாம்."

ஆர்லிஸுக்கு முதலில் வந்தது கோபம். நாற்பது வருஷம். எட்டு ஊர் அடுப்படி. எத்தனை இழவு, எத்தனை பிள்ளைகளுக்குப் பாட்டு, எத்தனை கரண்டி. இத்தனை புத்தகத்தில் அவளுக்கென்று ஒரு வரி இல்லை. செய் என்றும் இல்லை, செய்யாதே என்றும் இல்லை. கோபம் அடங்கியதும் அதற்கடியில் இருந்தது மேலே வந்தது. எப்ப வேணும்னாலும் வந்திருக்கலாம். அந்த மார்ச் மாதச் சனிக்கிழமையும் வந்திருக்கலாம். கவுனை மாட்டிக்கொண்டு, காரை எடுத்துக்கொண்டு, வெண்டெல் வீட்டிலேயே இருக்க அவள் மட்டும் வந்திருக்கலாம். தடுத்தது சட்டம் இல்லை. படித்தே பார்க்காமல் அவளாகத் தன் காலில் கட்டிக்கொண்ட கயிறு.

டெஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஏன் இந்த அம்மாள் அழுகிறாள் என்று அவளுக்கு விளங்கவில்லை. நல்ல சேதிதானே சொன்னோம் என்று பயந்துபோய் நின்றாள்.

டோரீனின் கடையில் இரண்டு பெண்கள் முடி உலர்த்தும் இயந்திரத்தின் கூண்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டோரீன் கதவைத் திறந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. தலை முழுக்க நரைத்திருந்தது. எல்லார் தலைக்கும் சாயம் போடுகிறவள் தன் தலையை அப்படியே விட்டுவிட்டாள்.

"முன்னாடியே போன் பண்ணணும் இங்க."

"பத்து வருஷமா பண்ணணும்னுதான் நெனச்சேன்."

இரண்டு கூண்டுகளின் இரைச்சலும் அடுத்தடுத்து நின்றது. அவர்களே அணைத்துவிட்டார்கள், காது கேட்க வேண்டுமே.

"உக்காரு" என்றாள் டோரீன். முடியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். "யாருடி இதை வெட்டினா?"

"ஃபீனிக்ஸ்ல ஒரு பொண்ணு."

"பொண்ணா, பகையாளியா?"

நாற்காலியைச் சாய்த்து, தலையைத் தொட்டியில் வைத்து, தண்ணீரைத் திறந்தாள். வேண்டியதைவிடச் சூடாகவே திறந்தாள். ஆர்லிஸ் பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்த நிலையில் கூரையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. டோரீன் அதற்காகவே காத்திருந்த மாதிரி ஆரம்பித்தாள்.

"உன் கார்டுல நாலு வரி. 'எங்கள் ஜெபங்களில் உன்னை நினைக்கிறோம்.' எங்களாம், எங்கள்! இங்கிலாந்து மகாராணி எழுதின மாதிரி. கோயில் நெரம்பி ஜனம் வெளிய நின்னுச்சுடி அன்னிக்கு. எனக்குப் பக்கத்துல உனக்கு இடம் போட்டு வச்சிருந்தேன், என் பையை வச்சு. எடுங்க டோரீன், ஆளுங்க நிக்கறாங்கன்னு ரெண்டு பேர் வந்து கேட்டாங்க. எடுக்கல. பாட்டு ஆரம்பிச்சப்பறமும் எடுக்கல."

ஆர்லிஸின் கண்ணீர் காதுக்குள் ஓடியது. சோப்பு நுரை என்று சொல்லிக்கொள்ளலாம்.

"சட்டத்துல நான் இல்லையாம், டோரீன். இப்பத்தான் அந்தப் பொண்ணு படிச்சுக் காட்டினா. போதகர்தான் வரக் கூடாதாம். நான் வந்திருக்கலாமாம்."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"நீ அதைப் படிச்சதே இல்லையா?"

"இல்ல. எல்லாரும் சொன்னாங்க. எனக்கும் சேத்துத்தான்னு நானா எடுத்துக்கிட்டேன்."

"படிச்சிருந்தா வந்திருப்பியா?"

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஆமாம் என்று சொல்வது சுலபம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"வந்திருக்க மாட்டேன்னுதான் நெனக்கிறேன். மனைவி மட்டும் போனா அங்க இருக்கற போதகர் என்ன நெனப்பார்னு வெண்டெல் கேட்டிருப்பார். நானும் சரின்னு தலையாட்டியிருப்பேன். சட்டம் இல்ல டோரீன். எனக்குத்தான் துணிச்சல் இல்ல."

"இதைச் சொல்லவா இவ்ளோ தூரம் வந்தே?"

"ஆமா."

"வந்திருப்பேன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கேக்க நல்லா இருந்திருக்கும்."

"உன் கையில தலையைக் குடுத்துட்டு எப்படிப் பொய் சொல்றது?"

கூண்டுக்குள் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். "நீ இயந்திரத்தைப் போட்டுக்கோ, மேபல். முடி காயல" என்று அதட்டினாள் டோரீன். தண்ணீரின் சூட்டைக் குறைத்தாள். துண்டால் தலையைச் சுற்றி நாற்காலியை நிமிர்த்திவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே மடித்திருந்த துண்டுகளை மறுபடி மடித்தாள். வெகு நேரம் மடித்தாள். மேபல் இயந்திரத்தைப் போடவே இல்லை.

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி சோரன்சனோட வீடு வாடகைக்கு இருக்கு" என்றாள் டோரீன், துண்டுகளைப் பார்த்தபடி. "அடுப்படி வடக்குப் பார்த்தது. குளிர்காலத்துல நாலு மணிக்கே இருட்டிடும். நீ புலம்புவ."

"புலம்புவேன்."

"புலம்பு. நான் கேக்கறேன்."

கிரெட்சனுக்கு அன்றே போன் போட்டுச் சொன்னாள். "சரிம்மா. ஸ்வெட்டரைத் தூக்கிப் போட்டுடாதே" என்றாள் மகள். வாதாடவில்லை. பள்ளிக்கூட நாளில் அவள் வேண்டாம் வேண்டாம் என்று அழுதுகொண்டே லாரி ஏறியது கார்வரிலிருந்துதான்.

நவம்பர் முதல் வாரம் குடிவந்தாள். ஞாயிற்றுக்கிழமை டோரீன் காரில் வந்து கூட்டிக்கொண்டு போனாள். நடுவில், இடது பக்கம், டோரீனின் வழக்கமான பெஞ்சு. ஆர்லிஸுக்கு அந்த இடமே விசித்திரமாக இருந்தது. இத்தனை வருஷமும் அவள் இடம் முன்வரிசைதான், முதுகுப் பக்கம் ஊர் முழுவதும் உட்கார்ந்து அவள் தொப்பியைப் பார்க்கும். இப்போது அவளும் மற்றவர்கள் முதுகைப் பார்த்தாள். மேபலின் முடி நன்றாகவே காய்ந்திருந்தது.

அறிவிப்புகள் முடிந்ததும் பாஸ்டர் டெஸ் கையை விரித்தாள். "இன்னிக்கு நம்மகூட விருந்தாளிங்க யாராவது இருந்தா, எழுந்து நின்னு உங்க பேரும் ஊரும் சொல்லுங்க. உங்களை வரவேற்கணும்."

எட்டு ஊரிலும் முதல் ஞாயிறு ஆர்லிஸ் எழுந்து நின்றிருக்கிறாள். ஊரே திரும்பிப் பார்க்க, சிரித்த முகத்தோடு நின்று, தலையசைத்து உட்கார்ந்திருக்கிறாள். மனம் நினைப்பதற்கு முன்னால் முழங்கால்கள் வேலையைத் தொடங்கிவிட்டன. முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டாள். எந்த ஊர் என்று சொல்வது என்ற பழைய திகிலும் கூடவே எழுந்தது.

டோரீன் பாட்டுப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் கோட்டின் நுனியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள்.

"உக்காருடி. வெளியூர்க்காரங்களைத்தான் கேட்டாங்க."